ஆறாம் படிவமா, தனியார் கல்லூரியா?

கேள்வி: டீச்சர், என் மகள் எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்துவிட்டாள். மலாய், தமிழ், கணக்கியல் மூன்றிலும் ஏ, கணிதத்தில் சி. மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) கிடைக்கவில்லை. ஆறாம் படிவம் போகச் சொன்னால், 'வேறு இடம் கிடைக்காதவர்கள்தான் அங்கே போவார்கள்' என்று அழுகிறாள். ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்கு இந்த வாரமே பதிவுப் பணம் கட்டச் சொல்கிறார்கள். அவள் அப்பா செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, அந்தப் பணத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு இருபத்தொரு ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருமுறை ஓர் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். நான்காக மடித்து, வியர்வையில் மை கலைந்திருந்தது. மகன் சேர்ந்த படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று ஆறு மாதம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

கல்லூரிக்காரர்கள் சொல்லும் படிப்பின் பெயரை எம்.கியூ.ஆர். இணையப் பதிவேட்டில் முதலில் தேடுங்கள். எம்.கியூ.ஏ. என்னும் அரசு அமைப்பின் அங்கீகாரம் பெற்றவை எல்லாம் அதில் இருக்கும். அங்கீகாரமே இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். என்னும் அரசின் உயர்கல்விக் கடனும் கிடைக்காது.

சரி, ஆறாம் படிவத்துக்கு வருவோம். அது கடினம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அரசுப் பள்ளியில், ஒன்றரை ஆண்டில், மூன்று செமஸ்டரில் முடிந்துவிடும். முதல் இரண்டு செமஸ்டரில் சறுக்கினால் அந்தத் தேர்வை மறுபடி எழுதலாம். கையில் வரும் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதித் தேர்வு) சான்றிதழை வைத்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். கணக்கியலில் ஏ வாங்கிய பெண்ணுக்குப் பொதுப்பாடத்தோடு கணக்கியல், பொருளியல், வணிகம் என்று எடுத்தால் பொருத்தமாக இருக்கும். எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பாடமும் கிடையாது. அதனால் பள்ளிக்கு நேரில் போய், கணக்கியல் நடத்துகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கணிதத்தில் சி என்பதுதான் எனக்குக் கவலை. கணக்கியல் பட்டப்படிப்புக்கு எஸ்.பி.எம். கணிதத்தையும் பார்ப்பார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று யு.பி.யு. (அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பப் பிரிவு) இணையப் பக்கத்தில் இப்போதே அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று: யு.பி.யு. கணக்கில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாடம். ஓட்டப்பந்தயமோ, தமிழ்மொழிக் கழகச் செயலாளர் பதவியோ, எல்லாச் சான்றிதழையும் இன்றே ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வையுங்கள். அப்பாவின் சம்பளச் சீட்டும் அதிலேயே இருக்கட்டும். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மகள் அழுகிறாள் என்றீர்கள். கூடப் படித்தவள் மெட்ரிக் போகும்போது மனம் வலிக்கத்தான் செய்யும். இரண்டு நாள் அழட்டும், விடுங்கள். அப்புறம், ஆறாம் படிவம் முடித்துப் பல்கலைக்கழகம் போன ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் பேச வையுங்கள். உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

கேள்வி: மூயெட் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியை நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. எப்படிப் பழகுவது?
– ஆறாம் படிவ மாணவி, பீடோர்

பதில்: என் மாணவி ஒருத்தி தினமும் இரவு பாட்டியிடம் ஆங்கிலம் பேசினாள். பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டே 'ம்... ம்...' என்பார். இவள் தலைப்பு ஒன்றை எடுத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசுவாள். முதல் வாரம் அரை நிமிடத்திலேயே நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் பாட்டி, 'இன்னிக்கு என்னடி, எங்கேயும் நிக்காம ஓடுறே?' என்று கேட்டாராம். மறுநாள் காலை வகுப்புக்கு வந்ததும் என்னிடம் அதைத்தான் முதலில் சொன்னாள்.