நடுப்படத்தில் திரை இருட்டுவது ஏன்? ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

புதிய 65 அங்குல 4கே டிவி, 2018ல் வாங்கிய ரிசீவர் (படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டி), அல்ட்ரா எச்டி புளூரே பிளேயர். ரிசீவரும் பிளேயரும் சோபாவுக்குப் பின்னால் அலமாரியில் உள்ளன. அங்கிருந்து ஃபால்ஸ் சீலிங் வழியாக டிவிக்கு 12 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் போகிறது. படம் ஓடும்போது இரண்டு விநாடி திரை கறுத்துவிட்டுத் திரும்புகிறது. சில நேரம் வெள்ளைப் புள்ளிகள் மினுங்குகின்றன. பழுதுபார்க்க வந்தவர் டிவி போர்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
*வாசகர், பொங்கோல்*

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறியும் கேபிளைத்தான் கைகாட்டுகின்றன. சிக்னலில் சில பிட்டுகள் வழியிலேயே கெட்டுப்போனால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கெடுவது கூடிப்போனால் டிவி சிக்னலையே இழந்து, தொடர்பை முதலிலிருந்து ஏற்படுத்தும். அந்த இரண்டு விநாடி இருட்டு அதுதான். படம் தொடங்கும்போதும் முடிந்து மெனு வரும்போதும் இருட்டுவது வேறு விஷயம். பிரேம் வேகம் மாறுவதால் அப்படி ஆகும், அது பழுதல்ல.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். உங்கள் ரிசீவர் காலத்து எச்டிஎம்ஐ 2.0, விநாடிக்கு 18 ஜிகாபிட் வரை கடத்தும். வட்டில் உள்ள சினிமா பெரும்பாலும் விநாடிக்கு 24 பிரேம். அதை 12 பிட் (பிட் கூடினால் நிற நுணுக்கம் கூடும்) முழுநிறத்தில் அனுப்பினாலும் சுமார் 13.4 ஜிகாபிட்தான். 4கே 60 பிரேம், 8 பிட் முழுநிறம் என்றால் 17.8. அதையே 10 பிட்டில் கேட்டால் 22ஐத் தாண்டும், எச்டிஎம்ஐ 2.0 வழியாகப் போகவே போகாது. சாதாரணச் செம்புக் கேபிளில் 5 மீட்டருக்கு மேல் 18 ஜிகாபிட்டை நம்ப முடியாது. உங்களுடையது 12 மீட்டர். 24 பிரேம் சினிமாவுக்கே திணறுகிறது என்றால் 60 பிரேம் விளையாட்டு ஒளிபரப்பை அது தாங்காது.

உறுதிசெய்ய அரை மணி நேரம் போதும். பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, 2 மீட்டர் கேபிளால் நேரே டிவியில் செருகி, அதே படத்தின் அதே காட்சியைப் போடுங்கள். இருட்டவில்லையா? டிவி தப்பித்தது. அடுத்து ரிசீவரையும் நடுவில் வைத்து, குட்டைக் கேபிள்களோடு சோதியுங்கள். அப்போதும் சரியாக இருந்தால் குற்றவாளி கூரைக்குள் இருக்கிறது.

மாற்றாக, சிக்னலை இழைவழி ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதில் படத்துக்கு ஒருவழிப் பாதைதான். ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறுமுனையில் ‘டிஸ்பிளே’ என்று அச்சிட்டிருக்கும். திருப்பிப் போட்டால் படமே வராது. கூரைக்குள் இழுத்துப் பலகையை மூடிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய. தரையில் விரித்துப் போட்டு, முழுப்படம் ஒன்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு இழுக்கச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ பிளக்கின் பிளாஸ்டிக் உறை ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் இருக்கும். 20 மி.மீ. குழாயில் அது நுழையாது, 25ல் வளைவு வந்தால் சிக்கும். முடிந்தால் 32 மி.மீ. குழாய் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். அடுத்த கேபிளை இழுக்க உதவும். ஆப்டிகல் கேபிளைக் கூர்மையாக மடித்தால் உள்ளிருக்கும் இழை உடைந்துவிடும்.

டிவியின் ஆப்களில் வரும் ஒலியை அதே கேபிள் வழியாக ரிசீவருக்குத் திருப்பி எடுக்கிறீர்கள் என்றால், ஏஆர்சி வசதி உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள். எல்லா ஆப்டிகல் கேபிளும் அதைக் கடத்துவதில்லை.

கேபிளை மாற்றிய பிறகு செட்டிங்கையும் பாருங்கள். பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளையின் முழு வேகம் தொடக்கத்தில் அடைபட்டிருக்கும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்று பெயர். ரிசீவரிலும் இப்படி ஒன்று இருக்கும், துளைதோறும் தனித்தனியாகத் திறக்கவேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு. சோபாவிலிருந்து சுவர் 2.7 மீட்டர். 65 அங்குலமா, 75 அங்குலமா? டிவி மாட்டும் சுவர் பாம் ஷெல்டர் (வெடிகுண்டுக் காப்பறை) சுவர். கம்பிகளைச் சுவருக்குள் மறைக்கலாமா?
*வாசகி, தெம்பனிஸ்*

75. அதன் அகலம் 166 செ.மீ. உங்கள் தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு 34 பாகை விரியும். 65 என்றால் ஏறத்தாழ 30 பாகை. சினிமாவுக்கு 30ஐக் கீழ்வரம்பாகவும் 40ஐத் தாராளமாகவும் சொல்வார்கள். செய்தியும் சீரியலும் மட்டும் பார்ப்பவர் என்றால் 65க்கு மேல் காசைக் கொட்டவேண்டாம்.

ஷெல்டர் சுவரை வெட்டிக் கம்பி பதிக்க அனுமதி இல்லை. துளை போடுவதற்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு, ஒப்பந்தக்காரரைக் கைவைக்க விடுமுன் வீவக விதியைப் பாருங்கள். சுவருக்கு முன்னால் 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் மரப்பலகைச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் கம்பிகளை ஓட்டுவதுதான் வழக்கம். டிவி மாட்டும் இடத்தில் கனமான பிளைவுட் வைக்கச் சொல்லுங்கள்.

கல்யாண வீடியோவை வீடியோக்காரர் 4கேயில் ஹார்ட் டிஸ்கில் தந்தார். டிவியின் யுஎஸ்பியில் செருகினால் ஒலி மட்டும் வருகிறது, படம் இல்லை. ஒரு ஃபைல் விட்டுவிட்டு ஓடுகிறது. நிறமும் வெளிறிச் சாம்பலாக இருக்கிறது. ஆனால் கைப்பேசியில் எடுத்த 4கே அதே டிவியில் அருமையாக ஓடுகிறதே?
*வாசகர், செங்காங்*

அவர் தந்திருப்பது எடிட்டிங்குக்கான ஃபைலாக இருக்கும். தொழில்முறை கேமராக்கள் எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் 10 பிட், 4:2:2 என்ற நிறக்கணக்கில் பதிவுசெய்யும். பெரும்பாலான டிவிகளின் சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவி எதிர்பார்ப்பது எச்.265, 10 பிட், 4:2:0. கைப்பேசியும் பெரும்பாலும் 4:2:0 முறையில்தான் எடுக்கிறது. விட்டுவிட்டு ஓடுவதற்குக் காரணம் டேட்டா வேகம். சில கேமராக்களில் 4கே 60 பிரேம் விநாடிக்கு 600 மெகாபிட் வரை போகும். யுஎஸ்பி 2.0 துளையின் ஏட்டளவு வேகமே 480தான்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து எம்பி4, எச்.265 10 பிட், ஆர்எஃப் 19, பிரேம் வேகம் மூலத்தில் உள்ளபடி, ஒலி ஏஏசி 320 என்று வைத்து மாற்றுங்கள். ஆர்எஃப் எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். அகலம் 3840 என்றே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், சில முன்னமைப்புகள் 1920 ஆக்கிவிடும். மூன்று மணி நேர வீடியோ என்றால் சாதாரண மடிக்கணினி இராப்பகலாக உழைக்கும். முதலில் தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை மட்டும் மாற்றி டிவியில் பார்த்துவிட்டு மீதியை ஓடவிடுங்கள். டிஸ்க்கின் ஃபார்மட் ‘எஃப்ஏடி32’ ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது, ‘எக்ஸ்ஃபேட்’ ஆக மாற்றவேண்டும். மாற்றினால் உள்ளிருப்பது அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள்.

சாம்பல் நிறத்துக்கு டிவியில் மருந்து இல்லை. அது ‘லாக்’ முறையில் எடுத்த, நிறம் சேர்க்காத பதிவு. கலர் கிரேடிங் (நிறம் சீர்செய்தல்) செய்து, சாதாரண டிவிக்கான ‘ரெக் 709’ நிறத்தரத்தில் தரும்படி வீடியோக்காரரிடமே கேளுங்கள். வேலையின் முக்கியமான பாதியே அதுதான்.

தமிழ்ப் படங்களில் வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், பாட்டு வந்ததும் கீழ்வீட்டார் கதவைத் தட்டுகிறார். 5.1 ஸ்பீக்கர்கள் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) உள்ளன.
*வாசகி, உட்லண்ட்ஸ்*

5.1ல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. பலர் வீட்டில் அது டிவி மேசைத் தட்டின் உள்ளே தள்ளி, முழங்கால் உயரத்தில் கிடக்கும். விளிம்புவரை முன்னே இழுத்து, முகப்புக்கு அடியில் சிறு ரப்பர் துண்டு கொடுத்து, காதை நோக்கி அண்ணாந்து பார்க்க வையுங்கள். ரிசீவரில் அதன் அளவை 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். எல்லா ஸ்பீக்கருக்கும் கிராஸோவர் (இதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ். தூரத்தை டேப் வைத்து அளந்து பதியுங்கள். இரவில் ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ வசதியைப் போட்டால் வசனத்துக்கும் பாட்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும்.

கீழ்வீட்டுக்குப் போவது பெரும்பாலும் சப்வூஃபரின் அதிர்வு. அடியில் ஃபோம் பட்டை வைத்தால் தரைவழி இறங்குவது குறையும், காற்றில் பரவும் பாஸ் குறையாது. பட்டை போட்டால் சத்தமே போகாது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை 6 டெசிபெல் இறக்குங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

சென்னையில் வாங்கிய புளூரே வட்டு இங்கே வாங்கிய பிளேயரில் ஓடவில்லை. வட்டு போலியா?
*வாசகர், ஜூரோங் வெஸ்ட்*

அப்படி இருக்கவேண்டியதில்லை. சாதாரண புளூரேயில் சிங்கப்பூர் ‘ஏ’ வட்டாரம், இந்தியா ‘சி’. ‘சி’ மட்டும் குறித்த வட்டு ‘ஏ’ பிளேயரில் ஓடாது, உறையின் பின்பக்கம் எழுத்தைப் பாருங்கள். 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளுக்கு இந்த வட்டாரப் பூட்டு கிடையாது.

1 ஜிகாபிட் ஃபைபர் இருந்தும், வீட்டு நெட்வொர்க் டிரைவிலிருந்து பெரிய 4கே ஃபைல்கள் திக்கித் திக்கி ஓடுகின்றன. டிவிக்கு லேன் கம்பியே போட்டிருக்கிறேன்.
*வாசகர், அங் மோ கியோ*

சிக்கலே அந்தக் கம்பியில்தான் இருக்கலாம். பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 மெகாபிட் வேகம் மட்டுமே கொண்டது. அல்ட்ரா எச்டி வட்டின் வேகம் உச்சத்தில் 100 மெகாபிட்டைத் தாண்டும். கம்பியைக் கழற்றிவிட்டு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் முயலுங்கள், ரௌட்டர் அதே அறையில் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரௌட்டர் வாசல் பக்கப் பெட்டிக்குள், இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். இல்லையென்றால் ஜிகாபிட் லேன் துளை உள்ள தனி மீடியா பிளேயர் வாங்கி எச்டிஎம்ஐயில் இணையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றுக்கு 100 மெகாபிட் தாராளம், அங்கே திக்கினால் காரணம் வேறு.