"காசுக்குப் போறவளுக்கு என்ன ரேப்?": ஒரு வாசகியின் கேள்வியும் சட்டத்தின் பதிலும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார் (ஆள் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அவருடைய பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் பெண் ஹட்டன் பக்கத்தவர், கார்மண்டில் வேலை செய்தவர். 2022 நெருக்கடியில் அந்த வேலை போனபின் ஒரு ஸ்பாவில் சேர்ந்திருக்கிறார், பிறகு வாடிக்கையாளர்களோடு வெளியேயும் போகத் தொடங்கியிருக்கிறார். போன கிழமை ஒருவர் கல்கிசையில் ஒரு விடுதிக்கு வரச் சொல்லியிருக்கிறார். போனால் அறைக்குள் இன்னும் இரண்டு பேர். மாட்டேன் என்று திரும்பியவரை விடாமல் கதவைப் பூட்டி, மூன்று பேரும் பலவந்தப்படுத்தியிருக்கிறார்கள். "பொலிசுக்குப் போனால் அவளைத்தானே உள்ளே போடுவார்கள்? என் கணவர் 'காசுக்குப் போறவளுக்கு என்ன ரேப்' என்று கேட்கிறார். நான் என்ன செய்ய?"

முதலில் கணவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு பெண்ணின் சம்மதத்தைத்தான் கேட்கிறது, அவள் என்ன தொழில் செய்கிறாள் என்று கேட்கவில்லை. மிரட்டியோ, அடித்தோ, அடைத்து வைத்தோ வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. 1995இல் இந்தப் பிரிவைத் திருத்தியபோது இன்னொன்றையும் தெளிவாக எழுதினார்கள்: அவள் எதிர்த்துப் போராடினாள் என்று காட்ட உடம்பில் காயம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. ஒருவரோடு போகச் சம்மதித்தது அந்த ஒருவரோடு, பேசியபடி போக மட்டும்தான். காசுக்கு ஆட்டோ ஓட்டுகிறவரின் கழுத்தில் கத்தியை வைத்துத் தெஹிவளை வரை ஓட்டச் சொன்னால் அதை யாராவது வாடகை என்பார்களா? இங்கே மூன்று பேர் சேர்ந்து செய்திருப்பதால் இது கூட்டு வல்லுறவு. 364ஆம் பிரிவின்படி குறைந்தது 10 வருடம், கூடியது 20 வருடம் சிறை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கணவருக்கும் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் சட்டப்படி பிரிந்திருந்தால் ஒழிய, கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவதை அதே 363ஆம் பிரிவு வல்லுறவாக எடுப்பதில்லை. அதாவது அந்தப் பெண் 'வேண்டாம்' என்று சொன்னால் சட்டம் கேட்கும், வீட்டில் இருக்கிற மனைவி சொன்னால் கேட்காது. இந்த ஓட்டையைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதே குறைவு.

சரி, அவளைப் பிடிப்பார்களா? இலங்கையில் பாலியல் தொழில் செய்வது தன்னளவில் குற்றமில்லை. அதைச் சுற்றியிருப்பதுதான் குற்றம். 1841ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த அலைந்து திரிவோர் சட்டம் பொது இடத்தில் நின்று ஆள் பிடிப்பதைத் தண்டிக்கிறது, அபராதம் இன்றைக்கும் 100 ரூபாய்தான். 1889ஆம் ஆண்டுச் சட்டம் விபசார விடுதி நடத்துகிறவரையும் நிர்வகிக்கிறவரையும் தெரிந்தே இடம் கொடுக்கிறவரையும் பிடிக்கிறது. பூட்டிய அறைக்குள் மூன்று பேரிடம் மாட்டிக்கொண்ட பெண் இந்த இரண்டிலும் எங்கே வருகிறாள்? எங்கேயும் இல்லை. ஆனால் காகிதத்தில் இருக்கிற சட்டமும் பொலிஸ் நிலையத்துக் கவுண்டரும் ஒன்றில்லை என்பது கொழும்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஸ்பா ரெய்டுகளில் முதலாளியோடு சேர்த்து வேலைக்கு நிற்கிற பெண்களையும் ஏற்றிக்கொண்டு போய் நீதவான் முன் நிறுத்துகிறார்கள். ஆகவே அவருடைய பயம் வெறும் பிரமை இல்லை. தனியாகப் போக விடாதீர்கள், முதலில் சட்டத்தரணி, பிறகு பொலிஸ். பொலிஸ் நிலையத்துக்குச் சட்டத்தரணி கூட வரலாம், அதற்கு 2012இலிருந்து விதி இருக்கிறது. கையில் காசில்லாவிட்டால் புதுக்கடை நீதிமன்றக் கட்டடத்தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 1938க்கு எடுங்கள், பெண்களுக்கான அரசாங்க இலக்கம் அது.

அதற்கும் முன்னால் ஆஸ்பத்திரி. எச்ஐவி தொற்றாமலிருக்கக் கொடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், ஒரு கிழமை ஆகிவிட்டதால் அது இனி உதவாது (இதை வாசிக்கிற வேறு யாருக்காவது இன்றைக்கே தேவைப்படலாம் என்பதால் எழுதுகிறேன்). ஆனாலும் மருதானை டி சேரம் பிளேஸில் இருக்கிற பாலியல் நோய்த் தடுப்பு நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளட்டும், கர்ப்பப் பரிசோதனையும் செய்யட்டும். எச்ஐவி பரிசோதனையைச் சில வாரம் கழித்துத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். மறையாத காயம், கண்டல் ஏதாவது இருந்தால் சட்ட வைத்திய அதிகாரி இப்போதும் பதிவு செய்வார், அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் தொட்டுப் பார்க்க முடியாது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்று ஒரு பிரிவு இருக்கிறது, அடிபட்டு வருகிற பெண்களோடு இருந்து பேசவே அங்கே ஆள் இருக்கிறார்கள்.

அன்று உடுத்த உடுப்பைக் கழுவாமல் வைத்திருந்தால் பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம், ஈரம் பிடித்துத் தடயம் கெட்டுவிடும். கடதாசி உறை, இல்லாவிட்டால் பழைய பேப்பரில் சுற்றினாலும் போதும். கழுவிவிட்டார் என்றாலும் எறிய வேண்டாம். அடுத்தது ஃபோன். அந்த ஆளோடு பேசிய வாட்ஸ்அப், அழைப்புப் பதிவு, விடுதிக்குப் போன பிக்மீ பயணத்தின் விவரம் எதையும் அழிக்கக் கூடாது. வெட்கத்தில் முதலில் அழிப்பது இவற்றைத்தான், வழக்கில் உதவுவதும் இவைதான். விடுதியில் அறை எடுக்கும்போது அடையாள அட்டை இலக்கத்தைப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், வாசலில் கெமரா இருந்தால் அந்தப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். முறைப்பாட்டிலேயே அந்தப் புத்தகத்தையும் கெமராவையும் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

முறைப்பாடு பற்றி. தமிழில் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், விளங்காததில் கையெழுத்து வைக்கக் கூடாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் ஒரு கிழமை பிந்தியது என்பதை அவர் வாயாலேயே, பயத்தில் இருந்தேன் என்று, முதல் வாக்குமூலத்திலேயே சொல்லட்டும். பிந்தியதால் வழக்கு செத்துவிடாது, இலங்கையில் இப்படியான குற்றத்துக்கு 20 வருடம் வரை வழக்குப் போடலாம். அப்புறம் தொழிலை மறைத்து, "நண்பரைப் பார்க்கப் போனேன்" என்று கதை கட்ட வேண்டாம். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் வெளியே வந்தால் மீதி உண்மையையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். எதை எப்படிச் சொல்வது என்று சட்டத்தரணியோடு முதலே பேசிக்கொள்ளட்டும். பொலிசார் முறைப்பாட்டை எடுக்காமல் திருப்பி அனுப்பினால் மேலதிகாரியிடம் போகலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கமும் இருக்கிறது.

இந்தத் தொழிலைச் சட்டபூர்வமாக்குவதா, ஒழிப்பதா என்று பெண்ணுரிமை பேசுகிறவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். சுவீடன் 1999இல் வாங்குகிற ஆணைக் குற்றவாளியாக்கியது, விற்கிற பெண்ணை விட்டுவிட்டது. நியூசிலாந்து 2003இல் இரு தரப்பையும் குற்றத்திலிருந்து எடுத்துவிட்டது. முதலாவதை ஆதரிப்பவர்கள் வறுமை தள்ளிய இடத்தில் சம்மதம் என்று ஒன்று ஏது என்று கேட்கிறார்கள், மற்றவர்கள் ஒளித்துச் செய்ய வைத்தால் ஆபத்துத்தான் கூடும் என்கிறார்கள். கார்மண்ட் வேலை போன அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன கதவு திறந்திருந்தது என்று யோசித்தால் முதல் தரப்பின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் எந்தப் பக்கம் நின்றாலும் 1841ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்திருக்க ஒரு நியாயமும் இல்லை. வாங்குகிறவனை அது நடைமுறையில் தொடுவதில்லை, அடிபட்ட பெண்ணைப் பொலிஸ் வாசலுக்கு வர விடாமல் வைத்திருப்பது மட்டும்தான் அது செய்கிற வேலை.

2015இல் கூட்டு வல்லுறவு செய்து கொல்லப்பட்ட புங்குடுதீவு மாணவிக்காக வடக்கு முழுக்கக் கடை பூட்டியது, 2017இல் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. கல்கிசை விடுதி அறைக்காக யாரும் கடை பூட்டப் போவதில்லை, உங்கள் கணவரின் கேள்வியைத்தான் ஊரும் கேட்கும். பஸ்ஸிலும் ரயிலிலும் 90 வீதமான பெண்கள் தொல்லைக்கு ஆளாகியிருந்தும் பொலிசுக்குப் போனவர்கள் 4 வீதம்தான் என்று ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு காட்டியது. வேலைக்குப் போகிற, பள்ளிக்கூடம் போகிற பெண்களுக்கே இந்த நிலை.

உங்கள் பெயர் வெளியே வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெண்ணை அடையாளம் காட்டும் எதையும் அவருடைய அனுமதியில்லாமல் பிரசுரிப்பது 365சி பிரிவின் கீழ் குற்றம், அவர் பத்திரிகைக்குப் பயப்படத் தேவையில்லை. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. அவர் வீடு திரும்பிய கோலத்தைப் பார்த்தவர், முதலில் கதையைக் கேட்டவர் என்ற முறையில் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடலாம், அன்று என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு என்று இப்போதே ஒரு கொப்பியில் எழுதித் திகதி போட்டு வையுங்கள். புதுக்கடைக்குக் காலையிலேயே போங்கள். அவருடைய அடையாள அட்டை, அந்த ஃபோன், சார்ஜர் மூன்றும் பையில் இருக்கட்டும். சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள், காத்திருக்க வைப்பார்கள்.