டெக்சாஸ் கடைகளில் விற்கும் ஹெம்ப் கம்மியை ஊரில் இருக்கும் அப்பாவுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா?

கேள்வியின் விவரம் இதுதான்: கேட்டவர் ஹெச்1பி விசாவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறார். இரவில் தூக்கம் வருவதில்லை. பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் 'ஹெம்ப் டிஎச்சி' கம்மி (கஞ்சாச் செடியில் போதை தரும் பொருளான டிஎச்சி சேர்த்த மென்மிட்டாய்) விற்கிறார்கள். சட்டப்படி எல்லாம் சரி என்று கடைக்காரர் சொல்கிறார். தான் சாப்பிடலாமா, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவின் மூட்டுவலிக்கு இரண்டு டப்பா எடுத்துப்போகலாமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: வேண்டாம். முதலாவது கேள்விக்கு அப்படிச் சட்டென்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானே ஆறு மாதம் சாப்பிட்டவன். எங்கள் அலுவலகத்தில் வாராவாரம் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை போனால் 60 நாளில் மூட்டை கட்ட வேண்டும் என்ற கணக்கோடு படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? உங்கள் நிலையும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.

நான் மருத்துவனும் இல்லை, வழக்கறிஞனும் இல்லை. 'சித்த மருத்துவத்திலேயே கஞ்சா இருக்கிறதே', 'வடக்கே பாங்கு குடிப்பதில்லையா' என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது, குடிக்கிறார்கள். நான் எழுதுவது என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த ஒரு டப்பாவைப் பற்றி மட்டும்.

2024 தீபாவளிக்கு என் அப்பா எங்களோடு இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் 34 ஆண்டுகள் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. அதிரசத்தையும் பாதுஷாவையும் என் மனைவி மேல் அலமாரியில் ஏற்றிவைத்திருந்தாள். ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் என் கம்மி டப்பா கேட்பாரற்று இருந்தது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் உர மூட்டையைப் படிப்பது போல முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். அந்த டப்பாவையும் படித்தார். 'ஹெம்ப்' என்று போட்டிருந்தது. அவருக்குத் தெரிந்த ஹெம்ப் சணப்பு. வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுவார்களே, அதே சணப்புதான். அதற்கு ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்று பெயர். வேலைக்காலம் முழுக்க விவசாயிகளிடம் 'சணப்பு போடுங்கள், சணப்பு போடுங்கள்' என்று சொல்லி அலைந்தவர். நம் அகராதிகளும் ஹெம்ப் என்றால் சணல் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. சாக்குப் பை செய்யும் சணல் வேறு, சணப்பு வேறு, இது வேறு. டப்பாவில் இருந்தது கஞ்சாச் செடியின் சரக்கு.

லேபிளின் அடியில் 'டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மிகாமல்' என்றும் இருந்தது (டிஎச்சியில் முக்கிய வகை டெல்டா-9). அப்பா அதையும் படித்திருக்கிறார். பிறகு என்னிடம் சொன்னார்: "சான்று பெற்ற நெல் விதையிலேயே 2 சதவீதம் தூசி துரும்பு இருக்கலாம் என்று விதி. இதில் 0.3தான். அவ்வளவு சுத்தமான சரக்கு என்று நினைத்தேன்."

சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் செய்த தவறு இதே தவறுதான். 0.3 என்ற எண்ணைப் பார்த்ததும் போதையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2018 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான அமெரிக்க விவசாயச் சட்டம், காய்ந்த எடையில் டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியை 'ஹெம்ப்' என்று பிரித்து, போதைப்பொருள் பட்டியலிலிருந்து வெளியே எடுத்தது. வயலில் நிற்கும் செடிக்கு அது சின்ன அளவு. நாருக்கும் விதைக்கும் எண்ணெய்க்கும் வளர்ப்பவரை மனத்தில் வைத்துப் போட்ட கோடு. மிட்டாய்க்கு அதே கோட்டைப் போட்டால் கணக்கு தலைகீழாகிறது. மிட்டாயின் எடையில் பெரும்பங்கு சர்க்கரையும் ஜெலட்டினும். 4 கிராம் கம்மியில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம். கஞ்சாவை வெளிப்படையாக அனுமதித்த கொலராடோவில், உரிமம் பெற்ற கடையில் ஒரு வேளை அளவு என்று வைத்திருப்பதே 10 மில்லிகிராம். ஆக, 'ஹெம்ப்' என்ற பெயரில் முழுப் போதையையும் சட்டத்துக்கு உட்பட்டே விற்க முடிந்தது.

என் டப்பாவில் ஒன்றுக்கு 10 மில்லிகிராம். நான் பாதியாக வெட்டிச் சாப்பிடுவேன். அப்பா மூன்று சாப்பிட்டார்.

ஒரே மூச்சில் இல்லை. இரவு எட்டரைக்கு ஒன்று. ருசியாக இருந்ததால் சற்று நேரத்தில் இன்னொன்று. எல்லாரும் படுக்கப் போனதும் மூன்றாவது. புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வயிற்றுக்குள் போனது அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே காட்டாது. கல்லீரல் அதை இன்னும் வீரியமான வேறொன்றாக மாற்றி இரத்தத்தில் விடும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று அடுத்ததை வாயில் போடுகிறவர்கள் எல்லாம் மாட்டிக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

பத்தரை மணிக்கு அவர் அறையில் விளக்கு எரிந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரில் மணி என்ன?" என்றார். சொன்னேன். தலையாட்டினார். கைகளைப் பார்த்தார். "ஊரில் மணி என்ன?" என்றார். நான்காவது முறை கேட்டபோது என் வயிறு கலங்கியது. பக்கவாதம் என்றே நினைத்தேன். எழுந்து நிற்க முயன்றவர் சுவரைப் பிடித்தார். நாடி 128. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. "யாரோ கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கிறது, தம்பி" என்றார். அப்பா என்னைத் தம்பி என்று கூப்பிட்டது நான் பள்ளியில் படித்த காலத்தில்.

மனைவிதான் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். டப்பாவின் மூடி சரியாகப் பூட்டப்படாமல் இருந்தது.

நச்சு முறிவு ஆலோசனை எண் 1-800-222-1222. அமெரிக்காவில் எங்கிருந்தாலும் இதே எண், இரவு பகல் உண்டு, காசு கிடையாது. கேள்வி கேட்டவர் இந்தப் பதிலில் வேறு எதையும் குறித்துக்கொள்ளாவிட்டாலும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். எடுத்த அம்மாள் நிதானமாகக் கேட்டார்: எத்தனை சாப்பிட்டார், எப்போது, ஒன்றில் எவ்வளவு, வேறு என்ன மாத்திரைகள். அப்பா "ஒன்று" என்றார். சர்க்கரைக்காரர் இனிப்பை ஒப்புக்கொள்ளும் விதம் அது. நான் டப்பாவைத் தரையில் கொட்டி எண்ணினேன். காலையில் கடையிலிருந்து வாங்கிய புது டப்பா, 20 இருக்க வேண்டும், 17 இருந்தது. வயதையும் அழுத்த மாத்திரையையும் கேட்டுவிட்டு, வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்.

மருத்துவமனையில் ஈசிஜி, சர்க்கரை, கொஞ்சம் சலைன். இதற்கு மாற்று மருந்து கிடையாது. போதை தானாக இறங்கும்வரை கூடவே இருந்து, விழாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. விடியற்காலை ஐந்தரைக்கு அப்பா காபி கேட்டார். அன்று மாலை வரை தள்ளாட்டம் இருந்தது.

பில் 6,480 டாலர். இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனத்தில் வைத்திருந்தால் ஆறாது. பெற்றோர் வரும்போது எடுக்கும் பயணியர் காப்பீட்டை எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் மேசை போட்டு விற்ற ஒருவரிடம் எடுத்தோம். 'அண்ணா, நம் மக்களுக்கு நான் இருக்கிறேன்' என்றார். பில்லை அனுப்பியதும் 'போதைப்பொருளால் நேர்ந்தது, பொருந்தாது' என்று ஒரு கடிதம். சட்டப்படி கடையில் வாங்கியதுதானே என்று கேட்டால், 'அது எனக்குத் தெரியாது அண்ணா, கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்றார். அதற்கு முந்தைய ஆண்டு என் மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்தபோதும் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று அதே பாட்டு. மூச்சு முட்டினால் பழைய நோய், மிட்டாய் தின்றால் புதிய போதை. இவர்கள் எதற்குத்தான் பணம் கொடுப்பார்கள்? அடுத்த பொங்கலுக்கும் அதே மேசை, அதே சிரிப்பு, கூடவே இலவச நாட்காட்டி. பத்தாம் பக்கத்துப் பொடியெழுத்தைப் படிக்காதது என் தவறுதான். ஆனால் தமிழில் சிரித்து ஆங்கிலத்தில் கைவிடுகிறவரிடம் இனி எதையும் வாங்குவதில்லை.

சரி, உங்கள் விஷயம்.

கடைக்காரர் சொல்லும் 'சட்டப்படி சரி' நிலையான சொல் இல்லை. டெக்சாஸ் சட்டமன்றம் 2025இல் இவற்றை அடியோடு தடைசெய்ய ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் கிரெக் அபட் ஜூன் 22 அன்று கடைசி நேரத்தில் அதை நிராகரித்தார். செப்டம்பரில் 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதே மாதம் முதல் தேதியிலிருந்து இந்தச் சரக்கை நிரப்பிய மின்சிகரெட் விற்பதும் அங்கே குற்றம். இதற்கு மேல், 2025 நவம்பர் 12 அன்று அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்ததை முடித்துவைத்த செலவுச் சட்டத்திலேயே ஹெம்ப்பின் இலக்கணத்தையும் மாற்றிவிட்டார்கள். இனி டெல்டா-9 மட்டும் இல்லை, மொத்த டிஎச்சியும் கணக்கு. விற்கும் பொருளில் ஒரு டப்பா முழுவதற்கும் 0.4 மில்லிகிராம்தான் உச்சம். நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசம் என்று எழுதினார்கள். என் பழைய டப்பாவில் 200 மில்லிகிராம் இருந்தது. அந்த அளவுகோலில் 500 மடங்கு. நேற்று மிட்டாய், நாளை கஞ்சா, டப்பா அதேதான்.

அதே கடையில் டெல்டா-8 என்று ஒன்றும் வைத்திருப்பார்கள். செடியில் அது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதே செடியில் இருக்கும் போதையில்லாத பொருளான சிபிடியை எடுத்து அமிலத்தோடு சேர்த்து ஆய்வுக்கூடத்தில் மாற்றிச் செய்கிறார்கள். செய்முறையின் கழிவு எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது செய்தவருக்கே வெளிச்சம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு 2020 டிசம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை டெல்டா-8 பற்றி மட்டும் 104 புகார்கள் போயின. லேபிளையும் முழுக்க நம்ப முடியாது. 2017இல் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 26இல்தான் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போயின. 18இல் டிஎச்சியும் இருந்தது.

நீங்கள் என்னை மீறி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் (நானும் அப்படித்தான் வாங்கினேன்) டப்பாவில் இருக்கும் கியூஆர் குறியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். ஆய்வறிக்கை வர வேண்டும். அதில் உள்ள தொகுதி எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஈயம், பூச்சிமருந்து, கரைப்பான் எல்லாவற்றுக்கும் சோதனை இருக்க வேண்டும். வெறும் டிஎச்சி அளவு மட்டும் போட்ட அறிக்கை அறிக்கையே இல்லை. 2 அல்லது 2.5 மில்லிகிராமுக்கு மேல் தொடங்காதீர்கள். அன்றைக்கு அடுத்தது கிடையாது. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்க்காதீர்கள். அன்றிரவு வண்டியைத் தொடாதீர்கள். எந்தப் பொருளால் நிதானம் தவறினாலும் டெக்சாஸில் குடித்து ஓட்டியதற்கான அதே வழக்குதான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பூட்டுப் பெட்டி வாங்குங்கள். என் வீட்டில் சிக்கியது 71 வயதுக்காரர். உங்கள் வீட்டில் குழந்தை இருக்கலாம்.

விசாக்காரருக்கு இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. அலுவலகச் சிறுநீர்ச் சோதனை, டிஎச்சி உடலில் உடைந்த பிறகு மிஞ்சுவதைத் தேடுகிறது. அது ஹெம்ப்பிலிருந்து வந்ததா கஞ்சாவிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. தினமும் சாப்பிட்டவருக்கு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் காட்டும். குடியேற்றம் முழுக்க மத்திய அரசின் கையில் இருப்பது. மாநிலம் அனுமதித்த கஞ்சாவாக இருந்தாலும் குடியுரிமைக்கு அது இடையூறுதான் என்று 2019லேயே குடியேற்றத் துறை எழுதிவைத்துவிட்டது. நீங்கள் வாங்கிய 'ஹெம்ப்' அளவு தாண்டியிருந்தால் மத்திய சட்டத்தின் கண்ணில் அது கஞ்சா. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் வாயைத் திறப்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துவிடலாம். நான் கொடுத்தேன்.

ஊருக்கு எடுத்துப்போவது பற்றி மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் டிஎச்சி தன் பெயரிலேயே பட்டியலில் இருக்கிறது. 2018 அமெரிக்கச் சட்டம் சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரிக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்தியாவில் உணவாக அனுமதித்திருப்பது விதையும் விதை எண்ணெயும் விதை மாவும்தான். வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறுவதாக இருந்தால் அதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அங்கே சிபிடிகூடக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அப்பாவுக்கு மூட்டுவலி என்றால் அவர் சாப்பிடும் மாத்திரைகளோடு ஊர் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சிபிடியே அதன் வேகத்தைக் கூட்டிவிடும்.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள், மீதி 17ஐயும் காபித்தூள் சக்கையோடு பிசைந்து குப்பைப் பையில் கட்டினேன். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சணப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அது போதைச் சரக்கு என்று வீட்டில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

பின்குறிப்பு: நான் வாங்கிய கம்மியின் பெயரைக் கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு எழுதிய பிறகும். சொல்ல மாட்டேன். அந்தக் கடையும் இப்போது இல்லை. அதே இடத்தில் செல்பேசிக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுக்கிறார்கள்.