உளநலம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஏழு மாதங்களாக அறைக்கதவைப் பூட்டிக்கொண்டே இருக்கிறார். அடுத்த வளவுக் கிணற்றடியில் யார் கதைத்தாலும் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்கிறார். தனியே இருக்கையில் யாருக்கோ பதில் சொல்கிறார். செய்வினை என்று உறவினர் சொன்னதால் இருமுறை நூல் கட்டினோம். வைத்தியர் மனச்சிதைவு நோய் என்கிறார். என் வளர்ப்பில் பிழையா? தங்கைக்கும் வருமா?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: உங்கள் வளர்ப்பில் பிழை இல்லை. தாயின் போக்கே இந்நோயை உண்டாக்குகிறது என்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவர்கள் சிலரே எழுதினார்கள். அக்கருத்து ஆதாரமற்றதென்று கைவிடப்பட்டு நெடுங்காலமாகிறது.

பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும், மற்றவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிதான். கர்ப்பகாலச் சிக்கல்கள், இளவயதுக் கஞ்சாப் பழக்கம், கடும் மனநெருக்கடி ஆகியனவும் சேர்ந்தே நோய்க்கு வழிவிடுகின்றன. பொதுவில் நூற்றில் ஒருவருக்கு வரும் இந்நோய், உடன்பிறந்தோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு வரலாம். ஆகவே தங்கைக்கு வராமலிருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

மூளையில் டோபமைன் என்னும் இரசாயனத்தின் செயற்பாடு மிகும்போது, பொருட்படுத்தத் தேவையற்ற ஒலிகளும் பார்வைகளும் பெரும் அர்த்தம் பெற்றுவிடுகின்றன. கப்பி கிரீச்சிடுவதையும் அடுத்தவீட்டுச் சிரிப்பையும் நீங்கள் கேட்டவுடன் மறந்துவிடுவீர்கள்; உங்கள் மகனுக்கோ அவை தன்னைக் குறிவைத்தவையாகத் தோன்றுகின்றன. அவரோடு வாதாடிப் பயனில்லை. "எனக்குக் கேட்கேல்லை ராசா, ஆனா உனக்குக் கேட்டா பயமாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

குளிக்காமலும் கதைக்காமலும் இருப்பது சோம்பலன்று, அதுவும் நோயே. குளிசைக்குக் குரல்கள் அடங்கிய பின்னரும் அது நீடிக்கக்கூடும். அப்போது ஓயாமல் குறைசொல்லாதீர்கள். நோய்க்கு நீங்கள் காரணமல்லர், ஆயினும் அது திரும்புவதும் திரும்பாததும் ஓரளவு வீட்டுப் பேச்சைப் பொறுத்தது.

நூல் கட்டியதற்காக வெட்கப்பட வேண்டாம். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை, கிளினிக் நாள் தவறாதிருந்தால் போதும். சிகிச்சை பிந்தப் பிந்தத் தேறுவது கடினமாவதால், போன ஏழு மாதங்கள்தான் எனக்கு வருத்தம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. சாக வேண்டும் என்று பேசினாலோ, தன்னைக் காயப்படுத்தும்படி குரல்கள் ஏவுவதாகச் சொன்னாலோ, கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இதே நோயிலிருந்து தேறிய என் தம்பி மூன்று வருடங்களாக நலமாயிருக்கிறார். குளிசையை நிறுத்தலாமா?
– காரைநகர் வாசகர்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்திய மறுவாரம் பெரும்பாலும் ஒன்றும் நிகழாது, அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். குரல்கள் சில மாதங்கள் கழித்தும் திரும்பி வரலாம். கைநடுக்கமோ உடற்பருமனோ தொல்லை தந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் பார்த்துத் தீர்மானிப்பார்.