'கலைஞ்சுச்சா'ன்னு கேளு

வணக்கம் அம்மா,

பாபநாசம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நடவு ஆட்களைப் பற்றி நீங்கள் எழுதியதில், பெண்கள் உடல்நல ஆய்வு ஒன்றுக்காக ஊர் ஊராகப் போனதாக ஒரு வரி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

என் மகள் சமூகவியலில் எம்.ஏ. ஒரு சர்வதேச ஆய்வுத் திட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 'பாலியல், இனப்பெருக்க ஆரோக்கியம்' என்று உத்தரவில் போட்டிருக்கிறது. கல்யாணமாகாத பெண் வீடு வீடாகப் போய்க் கருத்தடை, கருக்கலைப்பு என்று கேட்பதா என்று என் அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். நான் அவ்வளவு பழமைவாதி இல்லை. ஆனாலும் சந்தேகம் இருக்கிறது. டாக்டரும் நர்ஸும் இருக்கும்போது சமூகவியல் படித்தவளுக்கு இதில் என்ன வேலை? வெளிநாட்டுப் பணத்தில் நம் வீட்டு அந்தரங்கத்தை எழுதிக்கொண்டு போவது யாருக்குப் பயன்? அப்புறம், சிரிக்காதீர்கள், மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன வேலை என்று சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி 1999இலேயே என் அம்மாவிடம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டாக்டர் தன்னிடம் வந்தவர்களைத்தான் பார்க்கிறார். வராதவர்களை யார் பார்ப்பது? மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி பக்கத்துக் கிராமங்களில் ராணி பாங் என்ற மருத்துவர் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989இல் முடிவுகளை வெளியிட்டார். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் அப்படி ஒரு பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்களைத் தூக்கிவாரிப் போட்ட கணக்கு அது. நோயைக் கண்டுபிடித்தது மருத்துவம். ஆனால் ஏன் யாரும் போகவில்லை? பஸ் காசு யார் கையில் இருக்கிறது, மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது, உள்ளே இருப்பது ஆண் டாக்டரா, வெள்ளைப்படுவது நோயா இல்லை வெறும் உடம்புச் சூடா? இதையெல்லாம் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க முடியாது. உங்கள் மகளின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த வேலையில் முக்கால்வாசி, வார்த்தை பார்ப்பதுதான். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும். யாராவது அகராதியை வைத்துத் தமிழாக்கியிருப்பார்கள். எங்களுக்கு வந்ததில் புருஷனைத் 'துணை' என்று போட்டிருந்தது. 'உங்கள் துணை யார்?' என்று திருவாரூர் பக்கம் ஒரு பெண்ணிடம் கேட்டேன். 'ராத்திரி கொல்லைக்குப் போகணும்னா நாத்தனார்தான் துணைக்கு வரும்' என்றார். எழுதிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

சிரிப்போடு போகாததும் உண்டு. 'கருக்கலைப்பு செய்திருக்கிறீர்களா?' என்று முதல் பத்து நாள் கேட்டோம். ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. 1971இலேயே சட்டம் இதைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்துவிட்டது. அதைப் பெண்களிடம் யாரும் சொன்னதில்லை என்பது வேறு கதை. பதினோராம் நாள், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஓர் ஆயா என்னைக் கூப்பிட்டார். "'கலைச்சியா'ன்னு கேட்டா எவ சொல்லுவா? 'கலைஞ்சுச்சா'ன்னு கேளு, சொல்லுவா." தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வினை மாறியதும் குற்றம் கேள்வியை விட்டுப் போய்விட்டது. அதன்பிறகு முழுகாமல் இருந்தது எத்தனை தடவை, ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது என்று வரிசையாகக் கேட்டோம். கலைஞ்சதுக்கு முன்னால் ஏதும் சாப்பிட்டீங்களா, எங்கே போனீங்க என்று மெதுவாக. பதில்கள் வர ஆரம்பித்தன. சில வீடுகளில் கேட்டுவிட்டு வெளியே வந்து வாய்க்கால் மதகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது.

இன்னொரு வார்த்தையும் இருக்கிறது. நம் பக்கம் 'குடும்பக் கட்டுப்பாடு' என்றால் ஆபரேஷன். 'ரெண்டோட குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு' என்பார்கள். காப்பர் டி, மாத்திரை எதுவும் அந்தச் சொல்லுக்குள் கிடையாது. ஒரு காலத்தில் அரசு ஊழியர்கள் இலக்கு வைத்து ஆபரேஷனுக்கு ஆள் சேர்த்த, 'கேஸ் பிடித்த'தன் மிச்சம் இது. உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 1994இல் கெய்ரோவில் 179 நாடுகள் கூடி, மக்கள்தொகை என்பது தலைக்கணக்கு மட்டுமல்ல, பெண்ணின் உடல்நலமும் உரிமையும்தான் என்று ஒத்துக்கொண்டன. 1996இல் இந்தியா இந்தக் கேஸ் இலக்குகளைக் கைவிட்டது. ஆனால் சொல் அப்படியே நின்றுவிட்டது. 2004 டிசம்பரில் கடல் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஆபரேஷன் முடித்திருந்த தாய்மார்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள். கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்துதர வேண்டியிருந்தது. ஒரே ஒரு வழியை மட்டும் வழி என்று சொல்லிக்கொடுத்ததன் விலை கடற்கரையில்தான் தெரிந்தது.

வெளிநாட்டுப் பணம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சந்தேகத்தில் பாதி எனக்கும் உண்டு. எங்கள் ஆய்வு முடிந்து ஒரு வருஷம் கழித்து அதே ஊர் வழியாகப் போனேன். 'அன்னைக்கு எழுதிக்கிட்டுப் போனியே, என்னாச்சு?' என்று கேட்டார்கள். அறிக்கை வந்திருந்தது. ஆங்கிலத்தில், எங்கோ ஓர் அலுவலக அலமாரியில். எங்களை அனுப்பிய நிறுவனத்துக்கு அதைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவந்து சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. வேறு மாதிரியும் செய்யலாம். டி.கே. சுந்தரி ரவீந்திரன் பொருளாதாரம் படித்தவர். 1981இல் செங்கல்பட்டு பக்கத்து தலித் பெண்களோடு சேர்ந்து ரூசெக் என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். 1993இல் லண்டனில் இருந்து வந்த 'ரீப்ரொடக்டிவ் ஹெல்த் மேட்டர்ஸ்' என்ற இனப்பெருக்க ஆரோக்கிய ஆய்விதழைத் தொடங்கிய இருவரில் அவரும் ஒருவர். செங்கல்பட்டு கிராமத்துப் பேச்சு உலகத்தின் மேஜைக்குப் போய்ச் சேர ஒரு தமிழ்ப் பெண் நடுவில் நின்றார். மகளிடம் அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

பணம் நிலையானதும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1984 முதல் தொண்ணூறு நாடுகளுக்கு மேல் நடந்துவந்த டிஎச்எஸ் என்ற மக்கள்தொகை, உடல்நல ஆய்வுத் திட்டம், 2025 தொடக்கத்தில் அமெரிக்கா நிதியை நிறுத்தியதும் முடங்கியது. ஒப்பந்த வேலை என்றால் கையில் ஆறு மாதச் சம்பளம் சேர்ந்திருக்கட்டும்.

அந்தரங்கம் வெளியே போகாது. போனால் அது ஆய்வே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் 1951இல் வந்து தங்கிய மானிடவியலாளர் காத்லீன் கஃப் தான் ஆய்வு செய்த கிராமத்தைக் 'கும்பாபேட்டை' என்று எழுதினார். பத்து வருஷம் கழித்து வந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தன்னுடையதை 'ஸ்ரீபுரம்' என்றார். இரண்டும் அவர்கள் வைத்த பெயர்கள். சாதி, நிலம் பற்றிக் கேட்டதற்கே ஊர்ப் பெயரை மறைத்தார்கள். உங்கள் மகள் கேட்கப்போவது அதைவிட நெருக்கமானது, அவள் கட்டுப்பாடும் அதிகம். தேசிய குடும்பநல ஆய்வில் வீட்டு வன்முறை பற்றி ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், அதுவும் தனியாக. யாராவது வந்து உட்கார்ந்தால் அந்தப் பகுதியை நிறுத்திவிட வேண்டும். நடைமுறையில், மாமியார் வந்ததும் சம்பா விதை நெல் பற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். நடவு நாளில் போகவே கூடாது.

இனி மாப்பிள்ளை வீடு. எனக்கு அதில் யோசனை எதுவும் இல்லை, மகளையே சொல்லச் சொல்லுங்கள். என் அம்மா இரண்டு வருஷம் ஊரில் 'கணக்கெடுக்கிற வேலை' என்று சொல்லிச் சமாளித்தார். பக்கத்து வீட்டு அத்தை அதை நம்பி, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க என்னிடம் வந்தார். (ஊரையும் உறவையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) என்ன கணக்கு என்று அன்றைக்கு அவரிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, விளக்கு வைத்த பிறகு, கொல்லைப்புறமாக வந்து நின்றார். "அடி இறங்கினாப்புல இருக்கு. உங்க கணக்குல அதெல்லாம் வருமா?"

அடி இறங்குவது என்றால் கர்ப்பப்பை கீழே இறங்குவது. வரும் என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மாதான் அவரைத் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டதற்கு, கடைசிப் பையன் பிறந்ததிலிருந்து என்றாராம். பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது.