கடனை முதலில் அடைப்பதா, சம்பளத்தை முதலில் உயர்த்துவதா?

கேள்வி: எனக்கு வயது 23. சொந்த ஊர் சிவகாசி. அப்பா அச்சகத்தில் வேலை செய்கிறார். பொறியியல் படிப்புக்காக ஆண்டுக்கு 1,30,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் 5,20,000 ரூபாய் வங்கியில் கல்விக் கடன் வாங்கினோம். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு ஆகிவிட்டதால் அடுத்த மாதம் தவணை தொடங்குகிறது. நிலுவை 7,02,000 ரூபாய் என்றும், பத்தாண்டுகளுக்கு மாதம் 9,277 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் வங்கியில் சொல்கிறார்கள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 28,000 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 8,500, வீட்டுக்கு 4,000, பேருந்து, அலைபேசி, மற்றவற்றுக்கு 2,500 போக, தவணையும் கட்டினால் 3,700 ரூபாய் மிஞ்சும். அதில் மாதம் 3,000 ரூபாயைக் கூடுதலாகக் கடனுக்கே கட்டச் சொல்கிறார் அப்பா. தோழி அதைப் பரஸ்பர நிதியில் போடச் சொல்கிறாள். எனக்கு ஓராண்டு மூத்தவர்கள் இருவர் வேறு நிறுவனத்துக்கு மாறி மாதம் 12,000 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். அப்படி மாற வேண்டுமானால் புதிதாகக் கற்க வேண்டும், அதற்குச் செலவாகும். ஒன்றரை லட்ச ரூபாய்ப் பயிற்சி ஒன்றைத் தவணையில் தருகிறார்கள். கையில் சேமிப்பு எதுவும் இல்லை; இருந்தது அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டது. செலவாகும் என்று சக ஊழியர்களுடன் சாப்பிடக்கூடப் போவதில்லை. நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வரவையும் செலவையும் இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதால் உங்களுக்குப் பொதுவான அறிவுரை சொல்ல வேண்டிய தேவை இல்லை; உங்கள் எண்களை வைத்தே பேசலாம். 5,20,000 ரூபாய்க் கடன் 7,02,000 ஆனது எப்படி என்ற திகைப்பு உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்கும் தனிவட்டி கணக்கிட்டு அசலோடு சேர்ப்பதுதான் வழக்கம். முதல் ஆண்டு வாங்கிய 1,30,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு நான்கு ஆண்டு வட்டி என்று கூட்டிக்கொண்டே வந்தால் 1,82,000 ரூபாய் வரும். வங்கியின் கணக்கில் பிழை இல்லை.

ஆனால் அந்த 1,82,000 ரூபாயை நீங்கள் சுமக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருக்கும் மாணவர்களுக்கு, தொழிற்கல்விக் கடன்களில் இந்தச் சலுகைக் கால (தவணை தொடங்கும் முன்பான கால) வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009 முதல் உள்ளது. 2018-க்குப் பிறகு கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ தேசியத் தர அங்கீகாரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அச்சகத் தொழிலாளியின் குடும்பம் இந்த வருமான வரம்புக்குள் இருந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. ஆகவே தவணை தொடங்குவதற்குள் கடன் கொடுத்த கிளைக்குச் சென்று, வருமானச் சான்றிதழ் பெறப்பட்டதா, மானியம் கோரப்பட்டதா, கோரப்பட்டிருந்தால் எந்த ஆண்டுக்கு எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்று எழுத்து மூலம் கேளுங்கள். கடந்த ஆண்டுகளுக்கான மானியத்தை இப்போது பெறுவது எளிதன்று. பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். இருந்தாலும், ஒரு கடிதத்தால் கடன் கணிசமாகக் குறையும் வாய்ப்பு இருக்கும்போது அதைக் கேட்காமல் விடுவது, சாப்பாட்டைக் குறைத்துப் பணம் சேர்க்கும் ஒருவர் செய்யக் கூடாத வேலை.

அதே வேளையில் வட்டி விகிதத்தைப் பற்றியும் விசாரியுங்கள். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்த மாறும் வட்டியில் இருந்தால் மூன்று மாதத்துக்குள் அந்தக் குறைவு உங்கள் கணக்கில் தெரிந்திருக்க வேண்டும். ரெப்போவோடு இணையாத பழைய வட்டி முறையில் இருந்தால் மாற்றிக்கொள்ள என்ன கட்டணம் என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பா சொல்வதில் தவறில்லை. மாதம் 9,277 ரூபாய் மட்டும் கட்டினால் பத்தாண்டுகளில் வட்டியாக மட்டும் சுமார் 4,11,000 ரூபாய் போகும். கூடவே 3,000 ரூபாய் கட்டினால் கடன் 78 மாதங்களில், அதாவது ஆறரை ஆண்டுகளில் முடியும். வட்டியில் ஏறத்தாழ 1,55,000 ரூபாய் மிஞ்சும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபர்களிடம் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி என்பதால், அந்த வகையில் இழப்பும் இல்லை.

அப்பாவின் கணக்கில் விடுபட்டது ஒன்றுதான். உங்கள் சம்பளம் ஆறரை ஆண்டுகளும் இதே இடத்தில் நிற்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நீங்கள் குறிப்பிட்ட மூத்தவர்களின் கூடுதல் 12,000 ரூபாய் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஆகிறது; ஆறரை ஆண்டுச் சிக்கனத்தில் கிடைக்கும் வட்டி மிச்சத்தை அவர்கள் பதின்மூன்று மாதங்களில் ஈட்டிவிடுகிறார்கள். இந்த ஒப்பீட்டைக் கேட்டதும் நாளைக்கே வேலை மாறத் தோன்றும் என்பதால், சம்பளம் உயராமல் போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

முதல் ஓராண்டு மட்டும் கூடுதலாக எதுவும் கட்டாமல் அந்த 3,000 ரூபாயை வேறு இரண்டு காரியங்களுக்கு ஒதுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு முடிவில் நிலுவை சுமார் 6,59,000 ரூபாயாக இருக்கும். அப்போது உங்களுக்கு 12,000 ரூபாய் உயர்வு கிடைத்து அதில் 8,000 ரூபாயைத் தவணையோடு சேர்த்தால், தொடக்கத்திலிருந்து கணக்கிட 58 மாதங்களில் கடன் தீர்ந்துவிடும். அப்பா சொல்லும் வழியைவிட இது 20 மாதங்கள் முன்னதாகவே. உயர்வு பாதியாகி 6,000 ரூபாய்தான் கிடைத்து, அதில் 4,000 ரூபாயைக் கடனுக்குக் கொடுத்தால் 76 மாதங்கள் ஆகும். ஏறக்குறைய அப்பாவின் கணக்குக்கே வந்து நிற்கிறது. உயர்வே கிடைக்கவில்லை, இரண்டாம் ஆண்டிலிருந்து பழையபடி 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள் என்றால் 83 மாதங்களைச் சற்றே தாண்டும். எல்லாம் கைவிட்டுப் போனாலும் இழப்பு ஐந்து மாதத் தாமதம்தான். 23 வயதில், வெற்றி பெற்றால் 20 மாதம் லாபம் தரும் ஒரு முயற்சிக்கு ஐந்து மாதத்தைப் பணயம் வைக்கலாம் என்பது என் கருத்து. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். கடன் இருக்கும் வரை தூக்கம் வராத தலைமுறைக்கு, கடனை அலட்சியம் செய்யவில்லை என்பதைத் தேதி போட்டுக் காட்டினால்தான் மனம் ஆறும்.

அந்த 3,000 ரூபாயில் 2,000 ரூபாய் அவசரக் கையிருப்பாகச் சேரட்டும். உங்கள் மாதச் செலவு தவணையையும் சேர்த்து 24,277 ரூபாய். ஓராண்டில் சேரும் 24,000 ரூபாய் ஒரு மாதத்தைத் தாங்கும். இது போதாது; ஆண்டு இறுதியில் ஊக்கத்தொகை வந்தால் அதையும் முழுவதுமாக இதில் சேர்த்து, மூன்று மாதச் செலவான 73,000 ரூபாயை நோக்கி நகர்த்துங்கள். கையிருப்பு இல்லாதவர்களால் வேலை மாறுவதைப் பற்றி நிதானமாகப் பேச முடியாது. பழைய நிறுவனத்தின் இறுதிக் கணக்கு முடிந்து பணம் வர வாரங்கள் ஆகலாம். புதிய ஊரில் விடுதிக்கு முன்பணம் கேட்பார்கள். அந்த இடைவெளியில் தவணை தவறினால் உங்கள் கடன் மதிப்பெண்ணோடு இணைக் கடனாளியான அப்பாவின் மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும். அம்மாவின் சிகிச்சையில் சேமிப்பு முழுதும் கரைந்ததையும் பார்த்துவிட்டீர்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க வழி உண்டா என்று மனிதவளத் துறையில் இந்த வாரமே கேளுங்கள்.

மீதி 1,000 ரூபாய் கற்பதற்கு. ஆண்டுக்கு 12,000 ரூபாய் குறைவாகத் தோன்றலாம். உங்கள் நிலையில் இது போதும். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவில் கட்டணம். விடுதி அறையில் படிக்க முடியவில்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து படிக்கப் பணம் கேட்பதில்லை. தொழில்நுட்பச் சான்றிதழ்களின் தேர்வுக் கட்டணத்தை, தேறியவர்களுக்குத் திருப்பித் தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. உங்கள் நிறுவனத்தில் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரித்த பிறகே கையிலிருந்து செலவு செய்யுங்கள். எதைக் கற்பது என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த மூத்தவர்கள் இருவரிடமும் நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், எந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கும் அறிவிப்புகளை எடுத்து வைத்து, திரும்பத் திரும்ப வரும் திறன்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை லட்ச ரூபாய்ப் பயிற்சி வேண்டவே வேண்டாம். தவணையில் தருகிறோம் என்பதற்குப் பெரும்பாலும் என்ன பொருள் என்றால், ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தனிநபர் கடன் கொடுத்துப் பயிற்சி மையத்துக்கு மொத்தப் பணத்தையும் கட்டிவிடும். பாடம் பிடிக்காமல் நீங்கள் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. வேலை உறுதி என்று சொன்னால், எந்தச் சம்பளத்தில், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வருமா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். கல்விக் கடன் கழுத்தில் இருக்கும்போதே அதே காரணத்துக்காக இன்னொரு கடன் வாங்குவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்ப இரண்டாவது குடத்தைத் தேடுவது போன்றது.

தோழியின் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கடனைக் கட்டினால் 10 சதவீத வட்டி உறுதியாக மிஞ்சும். பரஸ்பர நிதியின் பணம் போகும் பங்குச் சந்தை அப்படி எந்த உறுதியும் தராது. வரிச் சலுகைக்காகக் கல்விக் கடனை இழுத்துக்கொண்டே போகலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே. உங்கள் சம்பளத்துக்கு எந்த முறையிலும் வரியே இல்லாதபோது எதில் கழிப்பது?

சிக்கனத்தைப் பற்றி எழுதியிருந்த கடைசி வரி என்னை யோசிக்க வைத்தது. பேருந்துச் சீட்டிலும் உடையிலும் மிச்சம் பிடியுங்கள். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எந்தக் குழுவில் ஆள் தேவைப்படுகிறது, எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது, யார் யாரைப் பரிந்துரைக்கிறார்கள் என்ற செய்தியெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் புழங்குகிறது. ஒவ்வொரு முறையும் போக வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை போய், உங்களுக்கானதை மட்டும் வாங்கிச் சாப்பிட்டு வாருங்கள். கடன் இருக்கிறது, சிக்கனமாக இருக்கிறேன் என்று இயல்பாகச் சொல்லுங்கள். அந்த மேசையில் இருப்பவர்களில் இன்னும் சிலர் கல்விக் கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள். மற்றபடி, உணவின் அளவைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள்.

வாய்ப்பு வரும்போது கையெழுத்திடுவதற்கு முன் சில கணக்குகள் இருக்கின்றன. நிறுவனங்கள் சொல்லும் ஆண்டு மொத்தத் தொகையில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் மாறும் ஊதியம் எல்லாம் அடங்கியிருக்கும். கைக்கு மாதம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். பெங்களூரில் 12,000 ரூபாய் கூடக் கிடைத்து, அதில் 6,000 ரூபாய் கூடுதல் வாடகைக்குப் போனால் மேலே சொன்ன இரண்டாவது கணக்குக்கு இறங்கிவிடுவீர்கள். இப்போதைய நிறுவனத்தில் சேரும்போது ஒப்பந்தப் பத்திரம் எதிலாவது கையெழுத்திட்டிருந்தால் அதன் காலத்தையும் தொகையையும் பாருங்கள். விலகல் அறிவிப்புக் காலம் 90 நாள் என்றால் புதிய நிறுவனம் அதுவரை காத்திருக்குமா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பணி நியமனக் கடிதம் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். மாறும்போது வருங்கால வைப்பு நிதியை எடுத்துக் கடனில் போடும் ஆசை வரும்; எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2024-25 ஆம் ஆண்டுக்கு அதற்கு 8.25 சதவீத வட்டி தந்தார்கள். இப்போது உங்களிடம் சேமிப்பு என்று இருப்பது அது ஒன்றுதான்.

வேலை மாறாமல் இதே நிறுவனத்தில் சம்பள உயர்வு வந்தாலும், மாறி வந்தாலும், முதல் மாதமே அந்த உயர்வில் மூன்றில் இரண்டு பங்கு கடன் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள். கூடுதல் தொகையை அசலில் வரவு வைத்துத் தவணைக் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவும் மறக்காதீர்கள். சொல்லாவிட்டால், அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக அது வெறுமனே நின்றுவிடக்கூடும்.

வீட்டில் தம்பியோ தங்கையோ அடுத்துக் கல்லூரிக்குப் போக இருந்தால், அவர்களுக்குக் கடன் விண்ணப்பிக்கும் நாளிலேயே வருமானச் சான்றிதழைக் கொடுத்து வட்டி மானியத்துக்கும் விண்ணப்பியுங்கள். அது கிடைக்காவிட்டால், நீங்கள் வீட்டுக்கு அனுப்பும் 4,000 ரூபாயிலிருந்தே மாதந்தோறும் அந்தத் தனிவட்டியைக் கட்டிவரலாம். உங்களைப் போலவே ஆண்டுக்கு 1,30,000 ரூபாய் வாங்கினால் முதல் ஆண்டில் அது மாதம் 1,100 ரூபாய்க்குள் அடங்கிவிடும், ஆண்டுதோறும் கடனோடு சேர்ந்து கூடும். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டுபவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை சலுகை தரும் வங்கிகளும் உண்டு. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.