போக்கர் வரவு செலவு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

எனக்கு வேலை வேறு. போக்கர் என்ற சீட்டாட்டம் ஓய்வு நேர ஆட்டம்தான். சட்டம் நிறுத்தும்வரை ஆன்லைனில் சின்னத் தொகைக்கு ஆடினேன். கோவா போகும்போது நேரடி மேசையில் உட்காருவேன். ஆரம்பத்திலிருந்தே வரவு செலவு எழுதி வைத்திருப்பதால், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்தக் கணக்கை வைத்தே பதில் சொல்கிறேன்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மொத்தத்தில் லாபமா, நஷ்டமா?

ஆன்லைனில், வரிக்கு முன் சிறிய லாபம். வரி போனபின் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நேரடி ஆட்டத்தில் லாபம். ஆனால் அந்த லாபத்தை என் திறமை என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். காரணம் கணக்கில் இருக்கிறது.

பிக் ப்ளைண்ட் என்பது மேசையின் கட்டாயப் பந்தயம். ஏற்ற இறக்கத்தை அதை வைத்துத்தான் அளப்போம். ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. நன்றாக ஆடுகிறவர் 100 கைக்குச் சராசரியாக 5 பிக் ப்ளைண்ட் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். அதே 100 கையில் ஏற்ற இறக்கம் 90 பிக் ப்ளைண்ட் அளவுக்கு இருக்கும். 10,000 கை ஆடி முடித்தாலும் அந்தச் சராசரி 9 பிக் ப்ளைண்ட் மேலேயோ கீழேயோ தள்ளி நிற்பது சாதாரணம். அதாவது, உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர் அத்தனை கைக்குப் பிறகும் நஷ்டத்தில் இருக்கலாம். தோற்க வேண்டியவர் லாபத்தில் இருக்கலாம். நேரடி மேசையில் மணிக்கு 25, 30 கைதான் நடக்கும். 10,000 கைக்கு 300 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். வருஷத்தில் சில வார இறுதிகள் மட்டும் ஆடுகிற என்னைப் போன்றவர்களுக்கு அது பல வருஷம். அதனால் யாராவது ‘போன மாசம் கோவாவில் அள்ளிட்டேன்’ என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அவரிடம் பாடம் கேட்காதீர்கள்.

வரி அவ்வளவு சாப்பிட்டதா?

ஆமாம். 2023 ஏப்ரல் 1 முதல் ஆன்லைன் நிகர வெற்றியில் 30 சதவீதம் பிடித்தார்கள். ஒரு வருஷ நஷ்டத்தை அடுத்த வருஷ லாபத்தில் கழிக்க முடியாது. முதல் வருஷம் ஒரு லட்சம் ஜெயித்து, அடுத்த வருஷம் ஒரு லட்சம் தோற்றால் ஆட்டத்தில் சரிக்குச் சரி. கையில் 30,000 ரூபாய் குறைவு. அப்புறம் 2023 அக்டோபர் 1 முதல், கட்டும் பணத்துக்கே 28 சதவீத ஜி.எஸ்.டி. நூறு ரூபாய் போட்டால் அதில் ஏறக்குறைய 22 ரூபாய் வரி. பல நிறுவனங்கள் அதை போனஸாகத் திருப்பித் தந்து சமாளித்தன. இதற்கெல்லாம் மேலே ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து நிறுவனம் எடுக்கும் கமிஷன், ரேக். நாலு பேர் ஒரே திறமையோடு இரவெல்லாம் ஆடினால், யாராவது லாபத்தில் எழுந்திருக்கலாம், ஆனால் நாலு பேர் கணக்கையும் சேர்த்துக் கூட்டினால் ரேக்கினால் நஷ்டம்தான்.

சார், எனக்கு ஏஸ் ஜோடி வந்தாலே உடைகிறது, அதை வைத்தும் தோற்கிறேன். ஆன்லைனில் சீட்டு போடுவதில் ஏமாற்று உண்டா?

ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு முறைதான் வரும். எதிரே கிங் ஜோடி இருந்து இருவரும் எல்லாச் சிப்பையும் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) உள்ளே தள்ளினால், நூற்றுக்கு 82 முறை ஏஸ் ஜெயிக்கும். இதே மோதல் ஐந்து முறை நடந்தால், ஐந்திலும் ஜெயிக்கும் வாய்ப்பு 37 சதவீதம்தான். ஒன்றாவது உடைவதே அதிகம் நடக்கிற விஷயம். ஆன்லைனில் ஒரு மேசையிலேயே கைகள் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். நாலு மேசை திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் உடைந்த ஏஸ்கள் ஒரு வருஷ நேரடி ஆட்டத்துக்குச் சமம். மனசு ஜெயித்ததை மறந்துவிடும், உடைந்ததை மறக்காது.

நிஜமான ஏமாற்றும் நடந்திருக்கிறது. அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் தளங்களில் உள்ளிருந்தவர்கள் மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்த்து ஆடியது 2007, 2008இல் வெளியே வந்தது. அதை முதலில் பிடித்தது எந்த அதிகாரியும் அல்ல. ஆட்டக்காரர்கள் தங்கள் கைகளின் பதிவுகளை எடுத்து, இப்படி ஒருவரால் ஜெயிக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சந்தேகம் இருந்தால் பதிவை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஏஸ் உடைந்த கோபம் மட்டும் ஆதாரம் ஆகாது.

நேரடி ஆட்டத்தில் முகத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்ல முடியுமா?

முகத்தை விடுங்கள். எவ்வளவு பந்தயம் வைக்கிறார், எவ்வளவு சீக்கிரம் வைக்கிறார் என்று பாருங்கள். சின்ன மேசைகளில் ரிவரில், அதாவது மேசையில் திறக்கும் கடைசிப் பொதுச் சீட்டில், திடீரென்று பெரிதாக ஏற்றுகிறவரிடம் பெரும்பாலும் நல்ல சீட்டுதான் இருக்கும்.

27 வயது, ஐ.டி. வேலை. மணிமேக்கர் கதையைப் படித்ததிலிருந்து வேலையை விட்டுவிட்டு முழு நேரம் ஆடலாமா என்று தோன்றுகிறது.

தம்பி, கதையை முழுசாகப் பாருங்கள். கிறிஸ் மணிமேக்கர் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர். 86 டாலர் ஆன்லைன் தகுதிச் சுற்றில் ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டண உலகப் போட்டிக்கு லாஸ் வேகஸ் போனார். 2003இல் 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அதைப் பார்த்து அடுத்த வருஷம் வந்தவர்கள் 2,576 பேர். 2006இல் 8,773 பேர். 2023இல் 10,043 பேர். இப்போதெல்லாம் அந்தப் போட்டியில் ஏறக்குறைய 15 சதவீதத்தினர்தான் ஏதாவது பரிசு வாங்குவார்கள். மீதிப் பேர் கட்டிய பணத்தை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெரிய போட்டிகளில் நல்ல ஆட்டக்காரர்களே ஒரு வருஷம் முழுக்க வெறுங்கையோடு இருப்பது சகஜம். வாடகையும் வீட்டுச் செலவும் அதுவரை காத்திருக்காது. வேலையை விடாதீர்கள். நம் நாட்டில் இன்று அதற்கு ஆன்லைன் வழியும் இல்லை.

அப்படியென்றால் இப்போது ஆன்லைனில் ஆடவே முடியாதா?

பணம் வைத்து முடியாது. ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமே இல்லை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இந்தியத் தளங்கள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. வெளிநாட்டுத் தளம் இருக்கிறதே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பணம் மாட்டிக்கொண்டால் யாரிடமும் போய்ப் புகார் கொடுக்க முடியாது. நான் போகவில்லை, உங்களையும் போகச் சொல்ல மாட்டேன். நேரடியாக என்றால் கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பல்கள், சிக்கிம் என்று சில இடங்கள் உண்டு.

உங்கள் கணக்கு நோட்டில் என்னவெல்லாம் எழுதுவீர்கள்?

தேதி, இடம், பிளைண்ட் அளவு, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், நடுவில் மறுபடி வாங்கிய சிப்பும் சேர்த்துப் போட்ட பணம், எடுத்த பணம். நேரடி ஆட்டம் என்றால் ரயில், அறை, சாப்பாடு, டீலருக்குக் கொடுத்த டிப்ஸ் எல்லாம் செலவுப் பக்கம் வரும். அதைச் சேர்க்காமல் லாபம் சொல்வது பொய்க் கணக்கு. எழுந்த நேரம்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. நள்ளிரவைத் தாண்டிய மணிநேரங்களை மட்டும் தனியாகக் கூட்டினால் நஷ்டம். தமிழ்நாட்டில் 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆன்லைன் பண ஆட்டத்துக்குத் தடை வந்தபோது பலர் கோபப்பட்டார்கள். நான் அதை வரவேற்றேன்.

அண்ணா, ஆடுவது நான் இல்லை, என் கணவர். ‘இது கெட்ட நேரம், அடுத்த மாசம் மீட்டுடுவேன்’ என்கிறார். கடன் ஆப்பில் வாங்கியிருப்பது இப்போதுதான் தெரிந்தது. இது நிஜமாகவே கெட்ட நேரம்தானா?

இல்லை தங்கச்சி. கெட்ட நேரம் என்பது உண்டு, மேலே அதைத்தான் கணக்காகச் சொன்னேன். ஆனால் அதைத் தாங்குவதற்கென்றே ஆட்டக்காரர்கள் தனிப் பணம் வைப்பார்கள்: மேசையில் ஒரு முறை உட்காரத் தேவையான தொகையைப் போல 20, 30 மடங்கு, முழுசாகப் போனாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாத பணம். அது தீர்ந்தால் சின்ன மேசைக்கு இறங்குவார்கள் அல்லது நிறுத்துவார்கள். கடன் வாங்கி, மறைத்து, விட்டதைப் பிடிக்க ஆடுவது போக்கர் அல்ல, நோய். ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். எழுதிய கணக்கு இல்லாமல் மீட்டுவிடுவேன் என்பவருக்கு எவ்வளவு போனது என்றே தெரியாது.

அவரைத் திட்டித் தீராது, நீங்கள் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். 14416க்கு அழையுங்கள்; அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதுபோன்ற இணையப் பழக்கங்களுக்கென்றே ஷட் கிளினிக் இருக்கிறது. சம்பளக் கணக்கை இருவரும் சேர்ந்து பார்க்கும்படி மாற்றுங்கள், நகையை உங்கள் பொறுப்பில் வையுங்கள். பழைய கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்க மட்டும் விடாதீர்கள். நிறுத்தி மீண்டவர்களை எனக்குத் தெரியும், தங்கச்சி. அவர்கள் வீட்டில் முதலில் விஷயம் வெளிப்படையானது.

நண்பர்களோடு காசில்லாமல் சிப் வைத்துப் பழகுகிறேன். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

சீட்டைக் கீழே வைக்க, அதாவது மேலும் பணம் போடாமல் அந்தக் கையை விட்டுவிட. உங்களிடம் நாலு ஹார்ட்டின், ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம். பிளாப்பிலிருந்து (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) ரிவர் வரை இரண்டு சீட்டையும் பார்க்க முடிந்தால் 35 சதவீத வாய்ப்பு. டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) முடிந்து ஒரே சீட்டுதான் பாக்கி என்றால் 20 சதவீதம்கூட முழுசாக இல்லை. எதிராளி பந்தயத்தையும் சேர்த்து நடுவில் 1,000 சிப் இருக்கிறது, நீங்கள் தொடர 500 போட வேண்டும் என்றால், மூன்றில் ஒரு முறையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். ஐந்தில் ஒரு முறை வருகிற சீட்டுக்கு அந்த 500 போடாதீர்கள்.